வார்ட் கெலரைத் தேடி வந்தவன்

"எதை விக்க வந்திருந்தாலும் சரி... எங்களுக்கு வேண்டாம்."

கதவைப் பாதி திறந்த கையோடு மார்னி சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

வாசலில் நின்றவன் தொப்பலாக நனைந்திருந்தான். கூரை விளிம்பிலிருந்து கொட்டிய தண்ணீர் சரியாக அவன் இடது தோளில் விழுந்துகொண்டிருந்தது. ஓர் அடி தள்ளி நிற்கலாம் என்றுகூட அந்த மனிதனுக்குத் தோன்றவில்லை. கழுத்தில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட மஃப்ளர். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்.

"நான் எதையும் விக்க வரலைங்க. ஹார்ல்பரி கல்லூரிச் சகோதர சங்கத்திலேர்ந்து வர்றேன். பேரு நோலன் ரீஸ். படிச்சு முடிச்சுப் போன எங்க ஆளுங்களைத் தேடிப் பிடிக்கிற வேலை என்னோடது. இங்க வார்ட் கெலர்னு..."

"நன்கொடையா?"

"இல்லைங்க. அவரோட பழைய விலாசத்துக்குப் போடற கடிதமெல்லாம் திரும்பி வந்துடுது. அதான்... அவர் உயிரோட இருக்காரான்னு..."

பாதியில் நிறுத்தினான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மார்னியின் சாம்பல் நிறக் கண்கள் சுருங்கின. "ஓஹோ... செத்துட்டாரான்னு பார்த்துட்டுப் போக வந்தீங்களா? இருந்தா ஒரு டிக். இல்லேன்னா பேர் மேல ஒரு கோடு. அவ்வளவுதானே?"

"ஆமாங்க," என்றான் அவன்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. சமாளிப்பான், மன்னிப்புக் கேட்பான், பல்லைக் காட்டுவான் என்று நினைத்தாள். அவனோ நனைந்த இமைகளை ஒருமுறை கொட்டிவிட்டு நேராக அவளைப் பார்த்தான். பழுப்புக் கண்கள்... மழையில் நனைந்த இலைகளின் பழுப்பு. 'சீ, இது என்ன பைத்தியக்காரத்தனம்!' என்று தன்னையே திட்டிக்கொண்டு கதவைச் சாத்தப் போனாள்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"ஆரின்... வந்துட்டியாடா? கால் எப்படி இருக்கு?"

மார்னியின் கை கதவிலேயே உறைந்தது. அப்பா வாயைத் திறந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன.

வார்ட் கெலருக்கு எழுபத்தொரு வயது. டயர் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். நான்கு வருடங்களாக நினைவு கொஞ்சம் கொஞ்சமாக அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. முதலில் சாவி, அப்புறம் தெரு, அப்புறம் இறந்துபோன மனைவியின் பெயர்... கடைசியாக மகளின் முகம். மார்னி பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை. அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உட்கார்ந்திருப்பாள். மற்ற நேரமெல்லாம் மார்னிதான். செய்துகொண்ட ஒரு கல்யாணமும் முறிந்துபோய், முப்பத்தாறு வயதில், ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில் அவளுடைய உலகம் ஒரு பஸ்ஸும் ஒரு நாற்காலியுமாகச் சுருங்கியிருந்தது.

அந்த நாற்காலியிலிருந்து அப்பா இப்போது முன்னால் சாய்ந்து, வாசலில் நின்றவனின் கழுத்திலிருந்த சங்கத்து மஃப்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் வெளிச்சம்! எத்தனை மாதமாயிற்று அதைப் பார்த்து...

நோலன் அவளைப் பார்த்தான். என்ன செய்யட்டும் என்று அந்தப் பார்வை கேட்டது.

மார்னி வழிவிட்டாள்.

"கால் நல்லாத்தான் இருக்குங்க," என்றபடி அவன் உள்ளே வந்தான்.

அதன்பிறகு வாரம் ஒருமுறை வந்தான். நாற்பது மைல் தூரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அவன் வேதியியல் ஆசிரியன்; சங்க வேலை சம்பளமில்லாத சேவை. வகுப்பு முடிந்ததும் காரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவான். ஆரினாகவே உட்கார்ந்து, அப்பா சொல்லும் பழங்கதைகளுக்கெல்லாம் தலையாட்டுவான். கல்லூரிச் சாலையில் சங்கத்துப் பையன்கள் தங்கியிருந்த மஞ்சள் வீடு... அதில் முப்பது பையன்கள்... ஒரே குளியலறை... கருகிய முட்டை பொரிக்கும் சமையல்காரர்... அப்பா சிரித்தார்! மார்னி சமையலறையில் நின்றபடியே கேட்பாள். இதில் ஒன்றைக்கூட அவர் அவளிடம் சொன்னதில்லை. கல்லூரி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஒருநாள் ஆப்பிள் பை ஒரு துண்டை வெட்டி அவன் முன்னால் வைத்தபடி கேட்டாள்.

"இருக்கே. முப்பது பசங்களுக்கு வேதியியல் சொல்லித் தர்றேன். ஒருத்தனும் கேக்கறதில்லை. உங்கப்பாவாவது கேக்கறார்."

"என் பஸ்ஸுல அம்பது. உக்காருங்கடான்னு தொண்டை கிழியக் கத்தறேன். நின்னுக்கிட்டே வர்றாங்க."

"நான் வேணா வந்து உக்காரட்டுமா? சொன்ன பேச்சுக் கேப்பேன்."

"அதான் பார்த்தேனே... மழைக்குத் தள்ளி நிக்கக்கூடத் தெரியாத ஆளு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்... சிரித்த பிறகுதான் அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

இதையெல்லாம் ஏன் செய்கிறான் என்று அன்றுதான் சொன்னான். டோபின் என்று ஒருவன். கல்லூரியில் இவனோடு ஒரே அறையில் இருந்தவன். படிப்பு முடிந்து ஆளுக்கொரு திக்காகப் போனார்கள். 'சகோதரனே, உன்னிடமிருந்து சேதியே இல்லையே' என்று சங்கத்திலிருந்து வருடா வருடம் அவனுக்குக் கடிதம் போனது. ஒருநாள் அதில் ஒன்று திரும்பி வந்தது. பின்பக்கம் அவனுடைய அம்மா எழுதியிருந்தாள்: 'என் மகன் தூக்கு மாட்டிக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. இனிமேல் எழுதாதீர்கள்.'

"மூணு வருஷம்..." என்றான் நோலன். "எங்க யாருக்குமே தெரியலை. அதுக்கப்புறம் யார் பேரையும் நேர்ல போய்ப் பாக்காம நான் அடிச்சதில்லை."

மார்னி எழுந்தாள். அவன் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

உள்ளே அப்பாவின் குரல் கேட்டது. "ஆரின்! அந்தம்மாகிட்ட காபி கேளுடா. நல்லாப் போடுவாங்க. யாரு பெத்த பொண்ணோ..."

மார்னி குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது. இவனைத் தெரிகிறது... யாரோ ஊர் பேர் தெரியாத இவனை! பெற்ற மகளைத் தெரியவில்லை. அவனை வெறுக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் குழாயை மூடியபோது, அவன் கதவருகில் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். ஈரக் கையைத் துடைக்கத் துணியை மட்டும் நீட்டினான். விரல்கள் பட்டன...

நவம்பர் நடுவில்தான் அது நடந்தது.

அன்று அப்பா சிரிக்கவில்லை. நோலனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வர்றேன்னுதான்டா சொன்னேன்," என்றார். "ஒரு மணி நேரத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல? கல்குவாரியில... பனி கொட்டுச்சு. உன் ஷூவை நான்தான் பிடுங்கிட்டு வந்தேன். சங்கத்துல புதுசாச் சேர்ற பையனுக்கு எல்லாரும் செய்யறதுதானேன்னு... வீட்டுக்கு வந்து குடிச்சேன்டா. தூங்கிட்டேன். விடிஞ்சப்பத்தான் நெனப்பு வந்துச்சு."

மார்னி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"பனியில கருகிப்போச்சுன்னு உன் பாதத்தை வெட்டிட்டாங்களாமே ஆரின்... பாதியை வெட்டிட்டாங்களாமே. மன்னிச்சுட்டேன்னு சொல்லுடா. ஒரு தடவை சொல்லு."

நோலனின் முகம் வெளுத்தது. வாய் திறந்தது... மூடிக்கொண்டது. அப்பா அவன் கையைக் குலுக்கிக் குலுக்கிக் கேட்டார். கடைசியில் கையை விட்டுவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பி, குழந்தை மாதிரி அழுதார்.

கார் வரை மார்னி அவன் பின்னாலேயே ஓடினாள். தூறல் அவள் முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது.

"ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! இத்தனை நாள் ஆரின் ஆரின்னு நடிச்சீங்களே... இதை மட்டும் சொல்ல முடியலையா?"

"மார்னி... அது என்கிட்ட இல்லைங்க, எடுத்துக் குடுக்கறதுக்கு. ஆரின் பீக்னு ஒரு ஆளு நிஜமாவே இருக்காரு. எங்க பட்டியல்ல இருக்காரு. விலாசம்தான் இல்லை. பாதி பாதம் போனது அவருக்கு. நான் எப்படிங்க அவர் வாயால..."

"போங்க." அவளுடைய குரல் உடைந்தது. "உங்க நியாயத்தைக் கட்டிக்கிட்டுப் போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

அவன் போனான். மூன்று வாரம் வரவில்லை. போன் செய்தான், அவள் எடுக்கவில்லை. கோபம் தணிந்த பிறகும் எடுக்கவில்லை. 'போன்னு சொன்னவளே கூப்பிடறதா?' என்று ஒரு வீம்பு. ஆனால் தெருவில் கார் சத்தம் கேட்டால் மட்டும், கையில் இருக்கும் ஸ்பூன் நின்றுவிடும்... அப்பா மறுபடி பேச்சை விட்டார். பிறகு சாப்பாட்டையும் விட்டார். டாக்டர், கிறிஸ்துமஸ் தாண்டாது என்றார்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, கதவு தட்டப்பட்டது. நோலன் நின்றிருந்தான். கூட, கைத்தடி ஊன்றிய உயரமான கிழவர் ஒருவர். இடது காலை இழுத்து இழுத்து வைத்தார்.

"ஆரின் பீக்," என்றார் கிழவர். கை நீட்டவில்லை. "என் பேரை உங்க பட்டியல்லேர்ந்து கிழிச்சுப் போடுன்னு இந்தத் தம்பிகிட்ட போன்ல ரெண்டு தடவை சொன்னேன். கென்டக்கிக்கே வந்து என் வாசல்ல நிக்கறான். சரி, அந்த ஆளு முகத்தை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்னு கிளம்பினேன். மன்னிக்க வரலை. அதைத் தெளிவாச் சொல்லிடறேன்."

மார்னி கதவை அகலத் திறந்தாள். உள்ளே வரும்படித் தலையசைத்தாள்.

நிலம் அளக்கப் படித்தவராம் ஆரின். காடு மேடெல்லாம் நடந்து அளக்க ஆசைப்பட்டவர், நாற்பது வருடம் தானிய மண்டி எடைமேடையில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டினார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வார்ட் கெலரை வெகுநேரம் பார்த்தார்.

அப்பா கண் திறந்தார். கிழவரைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"இவர் யாரு?" என்றார். பிறகு கண்கள் நகர்ந்து நோலன் மேல் நின்றன. உதடு துடித்தது. "ஆரின்... வந்துட்டியா..."

ஐம்பது வருடம் கழித்து, வெட்டுப்பட்ட காலை இழுத்துக்கொண்டு வந்த மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்க, அப்பா வேறொருவனிடம் கெஞ்சினார். "மன்னிச்சுட்டேன்னு சொல்லுடா..."

ஆரின் பீக்கின் தாடை இறுகியது. கைத்தடியை ஊன்றி எழுந்தார். வெளியேறிவிடுவார் என்றே மார்னி நினைத்தாள். அவர் நோலன் பக்கம் திரும்பினார்.

"சொல்லு தம்பி," என்றார் கரகரத்த குரலில். "என் வாயால வராது. எத்தனை ஜென்மம் ஆனாலும் வராது. ஆனா நீ சொல்லு. என் பேர்லயே சொல்லு. நான் தடுக்கலை."

நோலன் கட்டிலருகே மண்டியிட்டான். அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுட்டேன், வார்ட்."

அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். கண்களை மூடிக்கொண்டார். ஆரின் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவருடைய தோள்கள் குலுங்குவதை மார்னி பார்த்தாள், பார்க்காதவள் போலத் திரும்பிக்கொண்டாள்.

அப்பா நான்கு நாளில் போய்விட்டார். கடைசி வரைக்கும் அவளை அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் மஞ்சள் வீட்டில் இருந்த ஒவ்வொருவரையும் நோலன் போனில் பிடித்திருந்தான். ஏழு பேர் வந்தார்கள். எழுபது தாண்டிய ஏழு கிழவர்கள், கல்லறையைச் சுற்றிக் கைகோத்து நின்று, 'வார்ட் கெலர்' என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஆரின் வரவில்லை. வருவார் என்று யாரும் நினைக்கவுமில்லை.

அவர்களில் ஒருவர் மார்னியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா அந்தச் சம்பவத்துக்கப்புறம் பத்தொன்பது நாள் தினமும் ஆஸ்பத்திரி வரைக்கும் போனாம்மா. எதிர் நடைபாதையிலேயே நிப்பான். உள்ளே போக முடியலை அவனால. இருபதாவது நாள் பெட்டியைக் கட்டிக்கிட்டுக் காலேஜையே விட்டுப் போயிட்டான். நாங்க யாரும் அவனைத் தேடலை... தேடியிருக்கணும்."

எல்லாரும் போன பிறகு, தேவாலயத்துக் கார் நிறுத்தத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். பனியும் மழையுமாகக் கலந்து விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப... நான் கிளம்பட்டுமா?" என்றான் நோலன். சாவி கையில் இருந்தது. கார் பக்கம் அவன் திரும்பவில்லை.

"அவருக்கு உங்களைத் தெரிஞ்சுது. என்னைத் தெரியலை," என்றாள் மார்னி. "அதுக்காக உங்களை எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "வெறுத்துக்கிட்டே உங்க கார் சத்தத்துக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். அப்பாவுக்காகத்தான்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். பொய். வீடு காலியாயிடுச்சே, தனியா இருக்காளே, அதான் பேசறாள்னு நினைக்காதீங்க. காலியாகறதுக்கு முன்னாடியே..." நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "முன்னாடியேதான், நோலன்."

அவன் சாவியைப் பைக்குள் போட்டான்.

"நேத்து முழுக்க ஒரே பயம் எனக்கு. இனிமே உங்க வீட்டுக்கு வர எனக்கு ஒரு காரணமும் இல்லையேன்னு. புதுசா எதாவது கண்டுபிடிக்கலாமான்னுகூட யோசிச்சேன். எதுவும் வரலை. உண்மை மட்டும்தான் வந்துச்சு. ரெண்டாவது தடவை வந்ததே உங்களைப் பாக்கத்தான், மார்னி."

அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அப்பா போன பிறகு முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள்.