டில்வின் சுவர் வழியாக ஒரு ஆள்

டெலிபோன் அலறியது.

கான்ஸ்டபிள் கெரைன்ட் எடுத்தான்.

"கெரைன்ட்! நெஸ்டா பேசறேன். என் விடுதியில தங்கின ராம்ஸேன்னு ஒருத்தர்... மலைக்குப் போனவரு இன்னும் வரல! ஒரு மணிக்கு வந்துடுவேன்னாரு. இப்ப மூணு!"

நவம்பர் மாதம். க்ரெய்க்வென் மலை முழுக்கப் பனிமூட்டம். கோடையில் பூட்ஸ் சத்தம் ஓயாத ஊர் அது. இப்போது ஆடுகளும், அறுபத்து நாலு வயது நெஸ்டாவைப் போல நாலைந்து பேரும்தான் மிச்சம்.

நெஸ்டா சொன்ன வழியில் மீட்புக் குழுவினர் ஒன்பது பேர் மேலே ஏறினார்கள். கெரைன்ட் விடுதிக்கு வந்தான். மலையேறுகிறவர்கள் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிவைக்கிற நோட்டைப் புரட்டினான்.

முகம் மாறியது.

"மிஸஸ் பாரி..."

"என்னடா புதுசா மிஸஸ் பாரி? உனக்கு மூக்கு துடைச்சுவிட்டவ நான்!"

"ராம்ஸே லண்டன்காரர், முதல் தடவை வந்தவர்னீங்க. 'டில்வின் சுவர் வழியாக'ன்னு எழுதியிருக்கே! ஆடு மேய்ச்ச டில்வின் செத்து இருபது வருஷம். அந்த ஆட்டுப்பட்டிச் சுவருக்கு எந்த மேப்லயும் பேர் கிடையாது. நம்ம ஊர்க்காரங்கதான் அப்படிச் சொல்லுவோம்!"

நோட்டை அவள் முன்னால் நீட்டினான்.

"இதை எழுதினது நீங்க. அவரை எங்கே பொதைச்சீங்க?"

நெஸ்டா நாற்காலியில் சரிந்தாள்.

"பொதைக்க ஆளே இல்லடா... அப்படி ஒருத்தர் வரவே இல்ல!"

"என்னது?!"

"பதினேழு நாளா என் கதவை யாரும் தட்டல. ரேடியோவோட சண்டை போட ஆரம்பிச்சுட்டேன். போன வருஷம் ஒருத்தர் தொலைஞ்சப்போ குழு முழுக்க இங்க உட்கார்ந்து டீ குடிச்சாங்க... 'இன்னும் கொஞ்சம் வெண்ணெய், நெஸ்டா'ன்னாங்க. அந்தச் சத்தம் மறுபடியும் வேணும்னு..."

அவனுக்குப் பரிதாபமாக இருந்தது. கோபமும் பொங்கியது.

"மேல ஒன்பது பேர்! ஒருத்தன் கால் வழுக்கினாலும் அது உங்க தலைமேல. ஜெயில்தான்!"

"போடு. அங்கேயாவது பக்கத்து அறையில ஆள் இருக்கும்."

தேடலை நிறுத்தச் சொல்ல வயர்லெஸ்ஸை எடுத்தான். அதற்குள் அதுவே கரகரத்தது.

"ஆள் கிடைச்சாச்சு! டில்வின் சுவருக்குக் கீழே... கால் எலும்பு முறிஞ்சிருக்கு. உயிர் இருக்கு!"

இருவரும் விறைத்துப்போனார்கள்.

"எ... எந்த ஆள்?"

"பேரு ஹியூ மாட்டாக்ஸாம். காலையில விழுந்திருக்கார். இந்த மாசத்துல இந்தப் பக்கம் யார் வரப்போறாங்க? இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா முடிஞ்சிருப்பார்!"

"விடுதி நோட்டுல ஏன் எழுதலன்னு கேளு!"

"கேட்டேன். 'வரலன்னா தேட எனக்கு யாரு இருக்கா'ங்கறார்."

நெஸ்டா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கெரைன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"காணாமப் போனவரு பொறக்கவே இல்ல... கிடைச்சவரை யாரும் தேடவே இல்ல... இந்தக் கேஸை எழுத போலீஸ்காரன் பத்தாது, நெஸ்டா. நீங்களே எழுதிடுங்க!"