மேஸ்திரியின் பன்னிரண்டாவது அறை

என் சொந்த வீட்டின் கேட் தூணை என் சொந்தக் காரால் நானே இடித்துச் சாய்த்தேன். வீட்டை வாங்கி ஒன்பதே நாள். பட்டப்பகல் மூன்று மணி. பக்கத்து இருக்கையில் அவள்.

அந்தக் கார் என்னைவிடப் பெரிய மனுஷன். அதன் மூக்கு எங்கே முடிகிறது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"ஏணின்னா நல்லா ஓட்டுவீங்க," என்றாள் அவள், மடியில் கொட்டிய தண்ணீரைத் தட்டிவிட்டபடி.

சிரித்துக்கொண்டே இறங்கினேன். சாய்ந்து கிடந்த தூணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பது வருஷத்துத் தூண். செங்கல்லுக்கு நடுவே இருந்த கலவை ஈரமாக இருந்தது. தொட்டேன். விரலில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டது.

பெயிண்டருக்கு ஈரச் சுவரைத் தெரியும். அது காய்வதற்காகக் காத்திருப்பதுதான் எங்கள் பிழைப்பே.

"மழை பெஞ்சிருக்கும்," என்றேன். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் யாரென்று சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடைக்கு வெளிர் நீலம் அடித்தவன் நான். வேலை முடிந்த அன்று, சும்மா ஒரு பேச்சுக்கு, என்னை நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாள். கடைசி வரியில் எறும்பு மாதிரி இருந்ததையும் படித்துவிட்டேன். "உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம்," என்றாள். அடுத்த மாதம் போய், எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னேன். அன்று ஆரம்பித்தது.

கேட்டுவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் போவேன். ஆனால் நகக்கண்ணில் பெயிண்ட்டோடு எப்படிக் கேட்பது? ஒப்பந்தக்காரன் ஆனதும் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனேன். கடை வைத்ததும் கேட்கலாம் என்று நினைத்தேன். ஐந்து கடை வைத்தேன். மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டேன், சர்க்கரை இல்லாமல் காபி குடிக்கக் கற்றுக்கொண்டேன், கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்க்காமலே மணி சொல்லக்கூடப் பழகினேன். கேட்க மட்டும் வரவில்லை. கடைசியாக, இந்த வீடு.

"வீட்டுக்குள்ள வெளிச்சம் எப்படி வருதுன்னு கண்ணு தெரிஞ்சவங்க யாராவது பாத்துச் சொன்னா நல்லாருக்கும்," என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன். இதைவிட மட்டமான சாக்கு உலகத்தில் கிடையாது. ஆனாலும் வந்தாள்.

வீட்டைக் கட்டியது ஒரு மேஸ்திரி. கொத்துக் கரண்டியோடு ஆரம்பித்துப் பெரும் பணக்காரரானவர். யாரோ ஒரு பெண்ணுக்காகக் கட்டுகிறார் என்று ஊரே பேசும். முதலில் ஒரே அறை. பிறகு அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று, ரயில் பெட்டி மாதிரி. அவ்வளவு வசதி வந்த பிறகும் செங்கல்லைத் தன் கையால்தான் வைப்பார். ஒவ்வொரு கல்லையும் வைத்ததும் கரண்டிப் பிடியால் இரண்டு தட்டு. டொக் டொக். சுவர் காய்வதற்குள் என்னைக் கூப்பிட்டு பெயிண்ட் அடிக்கச் சொல்வார்.

"யாருக்கு ஐயா இதெல்லாம்?" என்று கேட்பேன்.

"முடியட்டும். சொல்றேன்."

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இந்த ரூம் முடியட்டும்."

முதுகுக்குப் பின்னால் அவரைக் கிண்டல் செய்து சிரித்தவர்களில் நான்தான் முதல் ஆள். பதினொன்றாவது அறையில், பாதிச் சுவரில், கரண்டியும் கையுமாகச் செத்துக் கிடந்தார். மீதிச் சுவரை வேறு ஆள் வைத்து முடித்தார்கள். அந்தப் பெண் யாரென்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது.

உள்ளே போனோம். வெளியே கொளுத்துகிற வெயில். முதல் அறையில் காலை வைத்ததுமே கிணற்றுக்குள் இறங்கின மாதிரி குளிர்ச்சி. நனைந்த சுண்ணாம்பின் வாசனை. எனக்குப் பிடித்த வாசனைதான். ஆனால் அது புதுக் கட்டடத்தின் வாசனை. யாரும் குடியில்லாத பழைய வீட்டில் அதற்கு என்ன வேலை?

அறை அறையாகக் காட்டிக்கொண்டே போனேன். பதினொன்றாவது அறைக்கு வந்தோம். எதிரே பின்சுவர், ஒரு ஜன்னல். கேட்பதற்கென்று நான் குறித்து வைத்திருந்த இடம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மாட்டினேன். மறுபடி கழற்றினேன்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. இந்த ரூமுக்கு மஞ்சள் அடிக்கலாமான்னு…"

டொக் டொக்.

சுவருக்குப் பின்னாலிருந்து.

"எலி," என்றேன்.

"எலி கதவு வைக்குமா?"

ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு வாசல் இருந்தது. அதற்கு அப்பால் இன்னோர் அறை. சுவரெல்லாம் பூசி முடித்த ஈரத்தில் பளபளத்தது.

எனக்கு மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன். அவள் முன்னால் பயந்தவனாகத் தெரியக் கூடாதே என்று, "ஆமா, இது ஸ்டோர் ரூம்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டேன். வீட்டுக்கு முதலாளி, எனக்குத் தெரியாத அறையா? அவளும் வந்தாள்.

பன்னிரண்டு.

"வெளிய போலாம்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. திரும்பி, வந்த வாசல் வழியாகவே போனோம். அது பதினொன்றாவது அறைக்குள் போகவில்லை. இன்னொரு புது அறை. குறுக்கே, இடுப்பு உயரத்தில், மேஸ்திரிகள் மட்டம் பார்க்கக் கட்டும் நூல். அது அதிர்ந்துகொண்டிருந்தது, யாரோ இப்போதுதான் சுண்டிவிட்ட மாதிரி.

பதின்மூன்று.

"இங்க யாரு இருக்காங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"யாருமில்ல. நான் இதையெல்லாம் இன்னும் பெரிசாக் கட்டப்போறேன். பின்னாடி ஒரு தோட்டம் போட்டு…"

டொக் டொக். டொக் டொக். டொக் டொக்.

நான் பேசப் பேச வேகம் கூடியது.

நிறுத்தினேன். அதுவும் நின்றது.

பிறகு ஒரு இருமல். வறண்ட, சிமெண்ட் தூசி அடைத்த இருமல். இருபது வருஷம் ஏணி மேல் நின்றபடி நான் கேட்ட இருமல்.

வாசல் நிலையின் ஓரத்தில் நான்கு விரல்கள் தெரிந்தன. நகமெல்லாம் வெள்ளை. நிலையை மெதுவாகத் தடவிப் பார்த்தன, நேராக இருக்கிறதா என்று. பிறகு உள்ளே போய்விட்டன.

"முடியட்டும்," என்றது குரல். அன்பாகத்தான் சொன்னது. என்னைப் பயமுறுத்தியது அந்த அன்புதான். எனக்கு உதவி செய்கிறாராம். நான் தள்ளிப்போடத் தள்ளிப்போட, தள்ளிப்போட இடம் கட்டித் தருகிறார்.

அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"இங்க பாருங்க. உங்க கண்ணுல பவரே இல்ல. நான் உங்களுக்கு இருபத்துமூணு கண்ணாடி வித்திருக்கேன், எல்லாமே வெறும் கண்ணாடி. ஒவ்வொரு தடவையும் என்னமோ கேக்க வந்துட்டு, ஃபிரேமை மாத்திட்டுப் போயிடுவீங்க. அது என்னன்னு கேட்டுத் தொலைங்க. இல்லேன்னா நாம வெளியவே போக மாட்டோம்."

மேலே கூரையிலிருந்து ஈரக் கலவை ஒரு பொட்டு என் தோளில் விழுந்தது. விலை உயர்ந்த சட்டை. வேறு நேரமாக இருந்தால் அழுதிருப்பேன்.

எனக்குக் கோபம் வந்தது. பயத்தில் வந்த கோபம்தான், ஆனாலும் கோபம். சுவரைப் பார்த்துத் திரும்பினேன். மெதுவாகப் பேசுகிற முதலாளிக் குரல் வரவில்லை. ஏணி மேலிருந்து கத்துகிற பழைய குரல்தான் வந்தது.

"ஐயா, போதும். எனக்கு இனிமே ஒரு ரூம் கூட வேண்டாம். கஷ்டப்பட்டுச் சம்பாதிச்சேன், அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. ஆனா உங்களை மாதிரி கரண்டியோட செத்துப்போக மாட்டேன். இல்லைன்னு சொன்னாலும் சொல்லட்டும், நான் கேக்கப்போறேன்."

சுவர் முழுக்கத் தட்டல். நாலு பக்கமும். தரை அதிர்ந்தது. நாங்கள் வந்த வாசலில் செங்கல் ஏறிக்கொண்டிருந்தது. முழங்கால் உயரம். இடுப்பு உயரம். கல் வைக்கிற கை மட்டும் தெரியவில்லை.

நான் அவளைப் பார்த்தேன். காதில் வேறு எதுவும் விழாத அளவுக்கு அந்தச் சத்தம். அதற்கு மேலே கத்த வேண்டியிருந்தது. உலகத்தில் இதை இப்படிக் கத்திக் கேட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

தட்டல் நின்றது.

சுவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது போல ஓர் அமைதி. பாதி ஏறிய சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது பழைய அறைகள், வரிசையாகப் பதினொரு வாசல்கள். அவற்றின் கடைசியில், தீப்பெட்டி அளவுக்கு வெயில்.

"வெளிய வாங்க, சொல்றேன்," என்றாள் அவள்.

சுவரைத் தாண்டி ஓடினோம். நான் ஓடி எவ்வளவு வருஷமாகிறது என்பது என் முழங்காலுக்குத் தெரியும். மூன்றாவது அறையில் கண்ணாடி கழன்று விழுந்தது. எடுக்க நிற்கவில்லை. எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது.

கேட்டுக்கு வந்ததும் இருவரும் நின்றோம்.

தூண் நின்றுகொண்டிருந்தது. நான் இடித்த தூண். மட்டம் பிசகாமல், கல்லுக்குக் கல் விரலால் வழித்துவிட்ட ஈரக் கலவையோடு. கட்டை விரல் ரேகைகூடத் தெரிந்தது. அடியில், குழைத்து மிச்சமான கலவை ஒரு கைப்பிடி. அதில் செருகிய கொத்துக் கரண்டி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாத என் முகத்தை அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருக்கும்.

"இல்ல," என்றாள். "நீங்க பெயிண்டரா இருந்தப்பவும் எனக்கு அந்த நினைப்பு வந்ததில்ல. இப்பவும் இல்ல. இனிமேலும் வராது. சாவியக் குடுங்க, வண்டிய நான் எடுக்கறேன்."