மேல்தளத்துக்கு அடியில்

சில்வியாவின் உதட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

செருப்புக் கம்பெனியில் முதல் ஷிப்டு முடித்து வந்தவள், புடவையைக்கூட மாற்றாமல் வெறுந்தரையில் மல்லாந்திருந்தாள். ஆவணி வெயில் படப்பை ஊரையே வறுத்துக்கொண்டிருந்த பகல். மழை பெய்து வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் கூரைப் பலகைகளின் இடுக்கில் இன்னொரு சொட்டு திரண்டு, நீண்டு, விழக் காத்திருந்தது. உதட்டை நக்கினாள். உப்புக் கரித்தது.

எழுந்து பார்த்திருக்கலாம். முடியவில்லை. காலையிலிருந்து தோல் தைத்த விரல்கள் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன. தலையை மட்டும் சற்று நகர்த்திக்கொண்டு, பக்கத்தில் தூங்கிய நாலு வயது மகள் ஷாரோன் மேல் கையைப் போட்டு, கண்ணை மூடினாள்.

புது வீடு. ஒரே அறை, மூலையில் சமையல். குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கணவன் ஜெபர்சன் லாரி டிரைவர். புதுச்சேரியில் பழைய கிடங்கு ஒன்றை இடித்தபோது உத்திரங்களையும் பலகைகளையும் சல்லிசாக வாங்கி வந்து கூரை போட்டிருந்தான். கறுத்து, கல்லாக இறுகிய மரம். வெயில் ஏற ஏற அதிலிருந்து தாரும் கருவாடும் கலந்தாற்போல ஒரு வாடை இறங்கும். அந்த வாடை மூக்குக்குப் பழகிய பிறகு, அதற்கும் அடியிலிருந்து இன்னொன்று மெல்ல எழும். ஜன்னல் இல்லாத இடத்தில் நிறையப் பேர் நிறைய நாள் அடைந்து கிடந்த வாடை.

பகலில் ஷாரோனைப் பார்த்துக்கொள்பவள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா. ஒருநாள் குழந்தையைக் கொண்டுவந்து விடும்போது கேட்டாள்.

"ஏம்மே, உன் வூட்டு மேல ஆளு வுட்டு இன்னா வேலை செய்யற? நாள் பூரா தடதடன்னு ஓடிக்கினு கீறானுங்க."

"மேல ஏறப் படியே இல்லியேக்கா."

கோவிந்தம்மா அண்ணாந்து பார்த்தாள். அதற்கப்புறம் அவள் உள்ளே வருவதில்லை. குழந்தையைத் தெருவிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு பூசை முடிந்து சாப்பிடும்போது சில்வியா கேட்டாள். "இன்னா மரங்க இது?"

ஜெபர்சனுக்கு முகம் மலர்ந்தது. "சாதா மரம்னு நெனச்சியா? கப்பல ஒடச்சி எடுத்த மரம்! பிரெஞ்சு ராஜாவோட சண்டைக் கப்பலு. கிடங்குக்காரர் ரகுபதி சொன்னாரு. மூணு பாய்மரம். பீரங்கி மட்டும் அறுபதுக்கு மேல. நாகப்பட்டினம் பக்கம் இங்கிலீஷ்காரனோட மோதி, பாதி ஆளு செத்தும் கொடிய எறக்கலியாம்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, வயசாயிடுச்சி. பீரங்கிய எல்லாம் கழட்டிட்டு சரக்குக் கப்பல் ஆக்கிட்டாங்க."

"இன்னா சரக்கு?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஆளுங்க. நம்ம ஜனந்தான். பஞ்சத்துல வந்தவங்க, புடிச்சிக்கினு வந்தவங்க. மொரிசுத் தீவுல விக்கறதுக்கு. கடைசித் தபா புயல்ல மாட்டிக்கிச்சி. அடியில கெடக்கறவங்க மேல ஏறி வந்தா படகு பத்தாதுன்னு, மேல்தளத்த ஆணி அடிச்சி மூடிட்டு மாலுமிங்க மட்டும் போயிட்டானுங்க. கப்பல் முழுகல. மணல்ல தட்டி நின்னுடுச்சி. அலை அடங்கினப்பறம் தொறந்து பாத்தா..." நிறுத்தினான். "வுடு. பழைய கதை. துன்னு."

சில்வியா கூரையைப் பார்த்தாள். ஒவ்வொரு பலகையிலும் வரிசையாக ஆணித் துளைகள். துளைகளைச் சுற்றி, கீழ்ப்புறத்தில், நகம் நகமாகக் கீறல்.

"இத எடுத்துடலாங்க."

"எடுத்துட்டு? வானத்துக்கு அடியில படுக்கறதா? கிறிஸ்மஸ் போவட்டும்."

மறுநாள் அவன் நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போனான். அவளுக்குத் தினமும் ஓ.டி. பயப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருந்தது. அது அவளிடம் இல்லை. சொட்டு விழுந்த இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தாள். மேலே காலடிகள் கேட்டால் காதுவரை போர்த்திக்கொண்டாள். கண்ணயரும் நேரத்தில் தரை ஒருபக்கம் சாய்ந்து, மெல்ல மறுபக்கம் சாயும். அசதி, என்று சொல்லிக்கொள்வாள். அந்த ஆட்டத்திலேயே தூங்கியும் போவாள்.

ஒரு சாயங்காலம் காற்று எழுந்தது. ஏரிப் பக்கமிருந்து மேகம் கறுத்து வந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, புழுதிக்காகக் கதவைச் சாத்தினாள். ஷாரோன் பாயில் போய்ச் சுருண்டாள். அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது கரண்ட் நின்றது.

மேலே ஓட்டம். இரண்டு மூன்று பேர் அல்ல, ஒரு கூட்டம். எதையோ இழுத்துப் போடுகிற ஓசை. புரியாத பாஷையில் அதட்டல்.

பிறகு ஓர் அடி. இரும்பின் மேல் இரும்பு.

ஆணி.

இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கதவின் நேர்மேலிருந்து தொடங்கி, வரிசையாக, அவசரமாக.

கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் விலகியது. கதவு அசையவில்லை. தோளால் இடித்தாள். அசையவில்லை.

"கோவிந்தம்மாக்கா! அக்கா!"

தெருச் சத்தம் ஒன்றும் இல்லை. பஸ் இல்லை, நாய் இல்லை. சுவரின் அந்தப்புறம் அலை அறைந்தது. பாத்திரங்கள் சரிந்து ஒருபக்கமாக உருண்டன. பாதத்தில் குளிர்ந்த நீர்.

ஷாரோனைத் தூக்கிக்கொள்ளத் திரும்பினாள். தீக்குச்சி கிழித்தாள்.

தரையில் கால் வைக்க இடமில்லை.

சுவரிலிருந்து சுவர்வரை, தோளோடு தோள் ஒட்டி, மனிதர்கள் படுத்திருந்தார்கள். ஆண்கள், பெண்கள். நனைந்த தலைமுடி. தேய்ந்து, நகமில்லாத விரல்கள். அத்தனை கண்களும் திறந்து கூரையையே பார்த்திருந்தன. நடுவில், யாரோ ஒருத்தியின் கையில் தலைவைத்து, ஷாரோன்.

"எழுந்திரு. அம்மாகிட்ட வாடி."

"முடிலம்மா," என்றாள் குழந்தை, ரகசியமாக. "எழுந்தா எடம் பூடும்."

மேலே கடைசி ஆணி இறங்கியது.

கண்கள் ஒவ்வொன்றாகக் கூரையை விட்டு அவள் பக்கம் வந்தன. ஷாரோனுக்கு அடுத்துப் படுத்திருந்தவர்கள், ஈர உடம்பு தரையில் உரச, மெல்ல ஒருக்களித்தார்கள். ஒரு பெண் படுக்கும் அகலத்துக்கு இடம் விட்டார்கள்.