வெறுங்கூடு

தளிர்மம் உயிரியல் நிறுவனத்தின் வாசல் கதவு சாவிக்கோ கைரேகைக்கோ திறக்காது. ஊழியர் ஒவ்வொருவரும் தினமும் காலையில் நிறுவனத்தைப் பற்றி அதனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னால் அசையாது. "இங்கே குழம்பு ருசியாக இருக்கிறது" என்றான் நெல்லையப்பன். கதவு கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்தது. அந்தக் குழம்பை வாயில் வைக்க முடியாது என்பது கதவுக்கு எப்படித் தெரியும்?

தூத்துக்குடிக் கடலில் மிதக்கும் அந்தக் கட்டடத்தில் மனித ஈரல்களைத் தொட்டிகளில் வளர்த்தார்கள். இன்னொரு சரக்கும் உண்டு, இணக்கக்கூடு. அரிசி மணி அளவு. கழுத்தடியில், காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் பதிப்பார்கள். அதிலிருந்து ஒரு சாறு துளித்துளியாக இரத்தத்தில் இறங்கும். இறங்கினால் மேலதிகாரி சொல்வதெல்லாம் நியாயமாகப் படும். ஊர் உலகத்து நிறுவனங்களுக்கெல்லாம் விற்கப்போகும் பண்டம். தளிர்மத்தில் எதைக் கண்டுபிடித்தாலும் முதலில் சொந்த ஊழியர் உடம்பில்தான் சோதிப்பார்கள், அது அங்கே வழக்கம். எல்லோரும் சம்மதித்தார்கள். சம்மதிக்காதவருக்கு அங்கே என்ன வேலை?

கூடு பதித்த சில மாதங்களில்தான் அந்த வினை வந்தது. ஈரல்கள் சீக்கிரம் வளரட்டும் என்று தொட்டிச் சூட்டைக் கூட்டச் சொன்னார் இயக்குநர் வித்யாவதி. வேண்டாம் என்று நெல்லையப்பன் தலைபாடாய் அடித்துக்கொண்டான். பக்கத்தில் நின்றவன் அருள்வேல். உடன் வேலை செய்பவன் மட்டுமல்ல, நெல்லையப்பனின் தங்கை கோமதியின் புருஷன். வித்யாவதி கேட்காமல் கூட்ட வைத்தார். மறுநாள் ஈரல்கள் அத்தனையும் வெந்து கிடந்தன.

விசாரணையில் வித்யாவதி, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தார். அருள்வேலைக் கேட்டார்கள். "மேடம் எதுவும் சொல்லல. சூட்டைக் கூட்டுனது மச்சான்தான்" என்றான். குரல்கூடக் கம்மவில்லை. அவர்கள் வேலை செய்த கீழ்த்தளத்தில் இருந்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஈரல் வளர்த்த நெல்லையப்பனை, ஊழியர்களுக்குக் கூடு பதித்துக் கழற்றும் அறை வேலைக்குத் தூக்கிப் போட்டார்கள்.

கோமதி கொதித்துப்போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆனால் நெல்லையப்பன் என்ன செய்தான் தெரியுமா? புருஷனுக்காக அவளிடம் வாதாடினான். "அது மாப்ள பேசினதில்லம்மா. கூடு பேசினது." வயிறு எரியும்போதெல்லாம் தனக்கும் அதையே சொல்லி ஆற்றிக்கொண்டான். கடைசியில் கோமதி கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரிண்ணே. அந்தக் கழுதைய என்னைக்கிக் கழட்டுதாகளோ, அன்னைக்கி நான் அவுக வீட்டுக்குப் போறேன்."

சோதனை முடிந்த அன்று எல்லோரையும் கூட்டி முடிவைச் சொன்னார் வித்யாவதி. மருந்துச் சோதனை என்றால் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லாதது. யாருக்கு எது என்று முடியும்வரை சொல்ல மாட்டார்கள். மேல்தளத்துக்கு நிஜக் கூடு. நெல்லையப்பன் இருந்த கீழ்த்தளம் முழுவதற்கும் சாறே இல்லாத வெறுங்கூடு.

"மேல்தளத்துல மேலதிகாரிய எதிர்த்துப் பேசினவங்க அஞ்சு பேர். கீழ்த்தளத்துல ஒரே ஒருத்தர்தான்" என்றார் அவர். "அதனால இனிமே வெறுங்கூட்டையே விக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். பக்கவிளைவும் கிடையாது." எல்லோரும் கைதட்டினார்கள்.

இத்தனை மாதமாக நெல்லையப்பன் எதை நம்பி மனசை ஆற்றிக்கொண்டானோ, அதற்குள் ஒன்றுமே இல்லை. சொந்தத் தங்கை புருஷன் நல்ல புத்தியோடு, நிதானமாக, கழுத்தை அறுத்திருக்கிறான்.

மதியத்துக்குமேல் அருள்வேல் கழற்றும் அறைக்கு வந்தான். நெல்லையப்பன் இடுக்கியைக் கையில் எடுத்தான்.

"உக்காருங்க, எடுத்துருவோம்."

"எடுக்க வரல மச்சான்." அருள்வேல் கதவைச் சாத்தினான். "உள்ள ஒண்ணும் இல்லேன்னு கோமதிட்ட சொல்லிராதீக."

"ஏன் மாப்ள அப்படிப் பேசினீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாகன்னு நெனச்சேன். நான் மட்டும் மாத்திச் சொன்னா என்னையும் தூக்கிருவாகளேன்னு பயம்."

"இப்போ நான் என்ன சொல்லணும்?"

"முன்ன சொன்னதையே சொல்லுங்க. அவ உங்க பேச்சைத்தானே நம்புதா."

நெல்லையப்பனுக்கு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும்போல் இருந்தது. இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போகச் சொன்னான். வீடு போகும் படகில் வழி முழுக்க, இன்றைக்கே உண்மையை உடைத்துவிடுவது என்று உறுதி எடுத்துக்கொண்டான்.

வீட்டில் கோமதி தலை வாரிப் பூ வைத்திருந்தாள். பெட்டி கட்டித் தயாராக இருந்தது. மாதக்கணக்காகச் சிரிக்காத முகத்தில் அன்று சிரிப்பு.

"அண்ணே, அவுகளுக்குக் கழட்டியாச்சா?"

நெல்லையப்பன் செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றான்.

"கழட்டியாச்சும்மா."

"இனிமே இப்படியெல்லாம் செய்ய மாட்டாகல்ல?"

"மாட்டாரு. எல்லாம் அந்தக் கூடு செஞ்ச வேலை."

கோமதி பெட்டியைத் தூக்கினாள். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து வரவழைக்க ஒரு சொட்டுச் சாறுகூடத் தேவைப்படவில்லை.