அல்ஷிஃபாவின் சார்ஜர்

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்துக்குள் ஆட்டோ போகாது. அக்னஸ் முனையிலேயே இறங்கி, அழுகிய முட்டைக்கோஸ் வாடையைத் தாண்டி நடந்தாள். ஆஸ்பத்திரியில் மூளை நரம்பு வார்டு நர்ஸ் அவள். இறந்துபோன அல்ஷிஃபாவுக்காக நாற்பதாம் நாள் ஓதும் ஃபாத்திஹா முடியட்டும் என்று காத்திருந்து, சார்ஜரைத் திரும்ப வாங்க வந்திருந்தாள். வேறொரு நோயாளிக்கு அது தேவைப்பட்டது.

பள்ளிக்கூட நாளில் அல்ஷிஃபாவுக்குத் தொடங்கிய வலிப்பு எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. கடைசியில் மூளைக்குள் மெல்லிய கம்பிகளை இறக்கி, நெஞ்சில் தோலுக்கடியில் ஒரு பேட்டரியை வைத்துத் தைத்தார்கள். அது அனுப்பிய சிறு மின்சாரத்தில் வலிப்பு குறைந்து, பிறகு நின்றே போனது. பெண் தனியாக பஸ் ஏறிக் காலேஜுக்குப் போனாள். வாரம் ஒரு மதியம் மட்டும் வட்டமான சார்ஜரை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். தோலுக்கடியில் பேட்டரி இருக்கும் இடம் அகப்படும்வரை சார்ஜர் கூவிக்கொண்டே இருக்கும். அகப்பட்டதும் அடங்கிவிடும். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அக்னஸ்தான்.

அப்புறம் டெங்கு வந்தது. வலிப்பு விட்டுவைத்தவளைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பேட்டரியும் அவளோடு மண்ணுக்குள் போனது.

கதவைத் திறந்த தாய் சாரா பீவி பாதியாக இளைத்திருந்தாள்.

"கொண்டுபோங்க சிஸ்டர். வேற புள்ளைக்கு உதவுச்சுன்னா நல்லதுதானே." குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. எனக்குப் புத்தி கலங்கிப்போச்சுன்னு எம் புள்ளையோட அத்தா சொல்றாரு."

அல்ஷிஃபாவின் அறையில் மதியத்திலும் இருட்டு. சாம்பிராணி வாசனைக்கு அடியில் காய்ச்சல் வியர்வை நெடி இன்னும் கிடந்தது. மார்க்கெட் இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. வெறும் கட்டில். சுருக்கமில்லாத விரிப்பு.

சாரா பீவி எடுத்து நீட்டிய சார்ஜரை அக்னஸ் முடுக்கினாள். அது கூவத் தொடங்கியது.

"பேட்டரி இல்லாததால கத்துதும்மா. வேற ஒண்ணுமில்ல."

"கட்டில் பக்கம் கொண்டுபோங்க."

விரிப்புக்கு ஒரு சாண் மேலே அதைப் பிடித்தாள்.

பீப். பீப்.

நின்றது.

பச்சை விளக்கு எரிந்தது. கையை இழுத்தாள், கூவியது. திரும்ப நீட்டினாள், அடங்கியது. சுவருக்குள் போகும் கரண்டு ஒயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில், கையை அசைக்காமலே, சார்ஜர் மறுபடி கூவியது.

"பாருங்க, மிஷின்லதான் கோளாறு" என்றாள் அக்னஸ்.

சாரா பீவி தலையசைத்தாள்.

"சுவத்துப் பக்கம் நகந்து படுத்துட்டா. கொஞ்சம் தள்ளிப் பிடிங்க."

தள்ளிப் பிடித்தாள்.

அடங்கியது.

அக்னஸ் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஓடிவிடலாம் என்று கால்கள் துடித்தன. ஆனால் பக்கத்தில் நின்ற தாயின் முகத்தில் பயமே இல்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது.

"அங்கயும் ஃபிட்ஸ் வந்துடுமோன்னு பயந்துக்கிட்டு வர்றா சிஸ்டர். பேட்டரி தீந்துடக் கூடாதுன்னு வர்றா. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. எப்பவும் நீங்க சொன்னாத்தான் கேப்பா."

ஆபரேஷனன்று தியேட்டர் வாசலில் தன் விரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்த பெண் அக்னஸுக்கு நினைவு வந்தாள். சார்ஜரைப் பிடித்தபடியே அக்னஸ் கட்டிலருகே முட்டி போட்டாள்.

"அல்ஷிஃபா, நான் அக்னஸ் சிஸ்டர்" என்று கிசுகிசுத்தாள். "இனிமே ஃபிட்ஸ் வராதும்மா. இனிமே இந்த சார்ஜ் உனக்கு வேணாம். பயப்படாம தூங்கு."

எங்கோ அஸர் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. அழுகையில் அக்னஸின் கை தளர்ந்தது. சார்ஜர் விரல்களிலிருந்து நழுவியது.

விழவில்லை.

விரிப்புக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. பிறகு மெல்ல உயர்ந்தது. மெல்லத் தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

"தூங்கிட்டா" என்றாள் சாரா பீவி, சத்தம் வராமல்.

சார்ஜரை எடுக்க அக்னஸுக்குக் கை நீளவில்லை.