ஆற்றைக் கடந்த படைவாள்

தை மாதத்துப் பௌர்ணமி மாலை. மேற்கே கதிரவன் மூங்கில் காடுகளுக்குப் பின்னால் முழுவதும் இறங்கி முடிப்பதற்குள், கிழக்கே சந்திரன் அவசரக்காரனைப் போல் எழுந்துவிட்டபடியால், கொள்ளிடத்தின் அகன்ற நீர்ப்பரப்பு ஒரு பாதி செம்பொன்னாகவும் மறு பாதி வெள்ளியாகவும் தகதகத்துக் கொண்டிருந்தது. தென்கரையில் முள்ளித்துறையிலிருந்து கூப்பிடு தூரத்துக்கு நீண்டு கிடந்தது முப்பதூர் நாட்டின் பாசறை. எட்டு ஆண்டுகள் போரிட்டு, பகைவரை மலைக்கணவாய்க்கு அப்பால் துரத்திவிட்டு வந்த ஆறாயிரம் வீரர்கள் அங்கே புத்தரிசிப் பொங்கல் வைத்துக் கொண்டும், கரும்பு கடித்துக் கொண்டும், அளந்ததையும் அளக்காததையும் பேசிக் கொண்டும் இருந்தார்கள். வெற்றி பெற்ற படையின் மாலைப் பொழுதைப் போல் இன்பமானது உலகில் வேறு என்ன உண்டு?

ஆயினும் வாசகர்களே, அந்த இன்பத்தின் நடுவே ஒரு பெரிய அபாயம் படுத்துக் கிடந்தது. அது என்னவென்று சொல்லுவதற்கு முன்னால், அதோ கூடாரங்களின் இடையே வெற்றிலைக் கூடையுடன் நடந்து செல்லும் பெண்ணைக் கவனியுங்கள். நாற்பது வயது மதிக்கத்தக்கவள்; முக்காட்டை முகம் மறைய இறக்கி விட்டிருக்கிறாள். வெற்றிலை வாங்க அழைப்பவர்களை விட்டுவிட்டு, யாரும் அழைக்காத கருவூலக் கூடாரத்தின் திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்க்கிறாள். அடுத்த கணமே இரண்டு வேல்கள் அவளுக்குக் குறுக்கே நீண்டன.

காவலர்கள் அவளைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் படைத்தலைவர் நக்கன் விழுப்பரையரின் கூடாரம். ஐம்பத்திரண்டு வயதான அந்த மாவீரர், இடது புருவத்தின் மேல் வாள் காயம் ஒன்று பிறை போல் விளங்க, அப்போது தமது அறுந்த செருப்பு வாரைத் தாமே தைத்துக் கொண்டிருந்தார்.

"பாசறைக்குள் ஒற்று ஆடினால் என்ன தண்டனை என்று தெரியுமா, அம்மணி?" என்றார் தலை நிமிராமல்.

"தெரியும், பிரபு. வெற்றிலை விற்பதற்கு என்ன தண்டனை என்றுதான் தெரியாது."

"வெற்றிலையா? கொண்டுவந்ததுதான் கொண்டுவந்தாய், ஓர் உரலையும் கொண்டுவந்திருக்கலாம். இடித்துக் கொடுத்தாலொழிய எனக்கு மெல்ல முடியாது. பல்லெல்லாம் போர்க்களத்தில் உதிர்ந்துவிட்டது."

முக்காட்டுக்குள்ளிருந்து கலீரென்று ஒரு சிரிப்பு எழுந்தது. விழுப்பரையரின் கையிலிருந்த ஊசி நழுவி விழுந்தது. ஆயிரம் முரசுகளின் நடுவே கேட்டாலும் அவருக்கு அடையாளம் தெரியக்கூடிய சிரிப்பு அது. காவலர்களை வெளியே போகச் சொன்னார்.

"ஆதித்தி!"

முக்காடு விலகிற்று. எட்டு ஆண்டுகளுக்கு முன், மணநாள் குறித்த மறுவாரமே போர்முரசு ஒலித்து, மணமகனைத் தெற்கே இழுத்துக் கொண்டு போன நாளில் அவரை வழியனுப்பிய அதே ஆதித்திதான். தந்தை இறந்த பிறகு நல்லாவூர்ச் சபையில் அவருடைய இருக்கையில் அமர்ந்து, வாய்க்கால் வழக்கு முதல் வரப்புச் சண்டை வரையில் தீர்த்து வைக்கிறவள். நெற்றியோரத்தில் நரை ஓடியிருந்தது. விழுப்பரையருக்கு அந்த நரையும் அழகாகவே தோன்றியது என்பதை நாம் மறைப்பானேன்?

"பேரவை என்னை அனுப்பியது," என்றாள் அவள். அந்தக் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "நாளைக் காலை வாகையூர் மண்டபத்தில் குடத்தைத் திறக்கப் போகிறோம். முப்பது ஊர்களும் ஊருக்கு ஓர் ஓலையாக எழுதிப் போட்டு முத்திரையிட்டாகிவிட்டது. அரசர் குலம் அற்றுப்போன நாட்டுக்கு மக்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முதல் நாள் அது. அதற்கு முன்பு ஆயுதம் தாங்கிய ஒருவன் வடகரையில் கால் வைத்தாலும் குடத்தை உடைத்துவிட வேண்டும் என்பது விதி. குடம் உடைந்தால் முப்பது ஊரும் முப்பது திசையில் போகும்; தாங்கள் துரத்திய பகைவர் மாசி பிறப்பதற்குள் திரும்பி வருவார்கள். இப்படியிருக்க, இந்தத் துறையில் நாற்பது படகுகள் ஏன் கூடியிருக்கின்றன? கருவூலக் கூடாரத்தில் மணிமகுடம் எதற்காக இருக்கிறது?"

"மகுடமா? எந்த மகுடம்?"

ஆதித்தி அவருடைய முகத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். பொய்யைத் தேடினாள், கிடைக்கவில்லை.

விழுப்பரையர் தமது உபதளபதி சேந்தன் மழவரையனை அழைத்துவரச் சொன்னார். அவன் வந்தபோது தனியாக வரவில்லை. பட்டுத்துணி மூடிய தட்டு ஒன்று அவன் கையில் இருந்தது. பின்னால் பாதிப் படை இருந்தது. எட்டு ஆண்டுகளில் மூன்று முறை தலைவரின் உயிரைக் காத்தவன் அவன், கபடம் அறியாதவன்.

"பிரபு! காலையில் தருவதாக இருந்தோம், இரகசியம் வெளிப்பட்டுவிட்டது. ஓலையாம், குடமாம்! தங்களை ஒரு மண்குடத்துக்குள் போட்டுத் தேடுவதா? பொழுது புலர்ந்ததும் படை முழுவதும் அக்கரை சேர்ந்து தங்களுக்கு முடிசூட்டும். எங்கள் அரசர் தாங்களே!"

"வேண்டாம், சேந்தா. நான் மன்னனாவதற்காகப் போரிடவில்லை."

"ஆகா!" என்று படை ஆரவாரித்தது.

"உண்மையாகவே சொல்லுகிறேன், வேண்டாம்!"

ஆரவாரம் இரண்டு மடங்கு ஆயிற்று. மழவரையன் கண்களில் ஆனந்தக் கண்ணீர் துளிர்த்தது.

"மூடர்களே! இந்த மகுடத்தை நான் தொடவும் மாட்டேன்!"

"மூன்று! மூன்று!" என்று ஆயிரக்கணக்கான தொண்டைகள் முழங்கின. கொள்ளிடத்துக் கொக்குகள் கலைந்து பறந்தன.

வாசகர்களே, முப்பதூர் நாட்டின் மரியாதையை அறியாதவர்களுக்கு இது விளங்காது. அந்த நாட்டில் விருந்தாளியிடம் இரண்டாம் முறை சோறு வேண்டுமா என்று கேட்டால்கூட, அவன் மூன்று முறை மறுத்த பிறகே இலையை நீட்டுவான். பெண் கேட்டு வந்தவர்களிடம் பெண்ணைப் பெற்றவர் மூன்று முறை தலையாட்டி மறுப்பார். உடனே சரியென்று சொல்லுகிறவன் அங்கே பேராசைக்காரன். மும்முறை மறுக்கிறவனே பண்பாளன். ஆகவே நம் தளபதி எவ்வளவுக்கெவ்வளவு ஆத்திரத்துடன் மறுத்தாரோ, அவ்வளவுக்கவ்வளவு அவர்தம் அடக்கத்தைப் படை மெச்சியது. நான்காம் முறை அவர் வாய் திறப்பதற்குள் மழவரையன் குனிந்து வணங்கி, "காலையில் பேசிக்கொள்வோம், பிரபு. கூச்சத்தினால் தாங்கள் எங்கேனும் போய்விடக்கூடும் என்று துறைக்குக் காவல் போட்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் அழைத்துக் கொண்டு போய்விட்டான்.

விழுப்பரையர் தலையில் கையை வைத்துக் கொண்டு அமர்ந்தார். "பகைவரின் யானைப்படையைச் சமாளித்தேன், ஆதித்தி. இவர்களுடைய அன்பைச் சமாளிக்க வழி தெரியவில்லையே!"

"சொல்லால் ஆகாது. அவர்கள் நம்பும்படி ஒன்று செய்யவேண்டும்," என்றாள் ஆதித்தி. பிறகு, கூடாரத்தின் நடுக்காலில் தொங்கிய நீண்ட வாளைப் பார்த்தாள். "இதை எங்கிருந்து பெற்றீர்கள்?"

அவர் நிமிர்ந்தார். அது நாட்டின் படைவாள். வாகையூர்க் கொற்றவை சந்நிதியிலிருந்து அதை எடுத்த அன்று படை பிறந்தது. சந்நிதியில் திரும்ப வைத்த நொடியில் படை கலைந்து போகும். அப்புறம் ஏவுகிறவனும் இல்லை, ஏவப்படுகிறவனும் இல்லை, எல்லாரும் குடியானவர்கள். முன்னோர் வகுத்த அந்த வழக்கத்தை மழவரையன்கூட மீற மாட்டான். சந்நிதிக்குத் திரும்பும் படைவாளைக் குடத்தின் விதியும் தடுக்காது.

"உன் கூடையில் எவ்வளவு இடம் இருக்கிறது?" என்று கேட்டார் விழுப்பரையர்.

சிறிது நேரத்துக்கெல்லாம் வெற்றிலைக்காரி ஒருத்தி முள்ளித்துறையை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால், அழுக்கு முண்டாசு புருவத்தை மறைக்க, வெறுங்காலும் கூனிய முதுகுமாக ஒரு கூலியாள் கூடையைத் தலையில் சுமந்து வந்தான். கூடைக்குக் குறுக்கே வாழைமட்டையில் சுற்றிய நீண்ட கட்டு ஒன்று, வெற்றிலைக் கொடி படர நடும் மூங்கில் என்று எண்ணும்படி வைக்கப்பட்டிருந்தது. தமது சொந்தப் பாசறையிலிருந்து ஒற்றனைப் போல் தப்பி ஓடிய படைத்தலைவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

"நில்லு! யாரு அது?" என்று துறைக்காவலன் அதட்டினான்.

"யாவாரம் முடிஞ்சு அக்கரைக்குப் போறோம், அண்ணே," என்றாள் ஆதித்தி. "தளபதி ஐயா விசாரிச்சு விட்டுட்டாங்க."

"அவரு தங்கமாச்சே! நாளைக்கு அவருக்குப் பட்டம் கட்டப் போறோம், தெரியுமா?" காவலன் கூலியாளின் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். "ஏ பெரியவரே, நீரும் வந்து பாரும்."

"அவரு வேணாங்கிறாராமே?" என்றது முண்டாசுக்குக் கீழிருந்து ஒரு கரகரத்த குரல்.

"அட, மூணு தரம் சொல்லித்தானே ஆகணும்! அதுதானய்யா பெரிய மனுசன் லட்சணம். சரி, ஒரு வெத்திலை குடுத்துட்டுப் போங்க." காவலனின் கை கூடையை நோக்கி நீண்டது. வாழைமட்டைக் கட்டை அவன் விரல்கள் உரசின. அதற்குள் கூலியாள் கூடையைச் சட்டென்று சாய்த்துக் கொடுக்க, காவலன் ஒன்றுக்கு நான்காக வெற்றிலையை அள்ளிக் கொண்டு, "போங்க, போங்க" என்று வழிவிட்டான்.

படகு நடு ஆற்றை அடைந்ததும் விழுப்பரையர் துடுப்பை நிறுத்தி, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். ஆதித்தியும் சிரித்தாள். எட்டு ஆண்டுகளாக அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததில்லை. நிலவு தலைக்கு மேல் ஏறுவதற்கு வெகு முன்பே படைவாள் கொற்றவையின் காலடியில் கிடந்தது.

மறுநாள் பொழுது புலர்ந்தபோது வாகையூர்க் கோயில் முரசு, படை கலைந்தது என்று அறிவித்து முழங்கியது. நாற்பது படகுகளில் ஏற நின்ற வீரர்கள் அதைக் கேட்டுத் திகைத்தார்கள். மழவரையன் தலைவரின் கூடாரத்துக்கு ஓடினான்; நடுக்காலில் வாள் இல்லை, தைத்து முடித்த செருப்பு மட்டும் கிடந்தது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. "அவர் மெய்யாகவே வேண்டாம் என்றாரடா!" என்று சொல்லிவிட்டு, அந்த வீரன் குழந்தையைப் போல் அழுதான். பிறகு தன் வேலைத் தென்கரை மணலில் ஊன்றினான். ஒன்றன்பின் ஒன்றாக ஆறாயிரம் வேல்கள் அங்கே ஊன்றப்பட்டன. வெறுங்கையோடு அவர்கள் ஆற்றைக் கடந்தார்கள். மகுடத்தை மழவரையன் தானே சுமந்து வந்து கொற்றவைக்குச் சாத்தினான்.

மண்டபத்தில் குடம் திறக்கப்பட்டது. பேரவை முதியவர் ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படித்தார். "நக்கன் விழுப்பரையர்." "நக்கன் விழுப்பரையர்." இருபத்தொன்பது ஓலைகளிலும் அதே பெயர். முப்பதாவது ஓலையைப் படித்தபோது அவர் சற்றுத் தயங்கினார். "நல்லாவூர் ஓலை. ஏரிக்காவலர் பொற்காரி."

கூட்டம் திரும்பி ஆதித்தியைப் பார்த்தது. அவள் தலை குனியவில்லை.

விழுப்பரையர் எழுந்தார். "முப்பதூர்ப் பெருமக்களே! மூன்று ஆண்டுகள் இந்த இருக்கையில் இருப்பேன். அதற்கு மேல் ஒரு நாள் என்னை இங்கே கண்டாலும் கையைப் பிடித்து வெளியே தள்ளுங்கள். நான் மும்முறை மறுத்தாலும் கேளாதீர்கள். இது கொற்றவையின் மேல் ஆணை!" என்று சூளுரைத்தார். சிரிப்பும் வாழ்த்தொலியும் மண்டபத்தை நிறைத்தன.

கூட்டம் கலைந்த பிறகு அவர் ஆதித்தியிடம் வந்தார். "நேற்று நடு ஆற்றில் இதைச் சொல்லவில்லையே?"

"ஓலை போன வாரமே எழுதியாயிற்று. எட்டு ஆண்டுகள் ஆறாயிரம் பேரை ஏவிப் பழகிய ஒருவர் எப்படித் திரும்பி வருவார் என்று எனக்குத் தெரியவில்லை. தங்களை நான் நேசித்தேன், நம்பவில்லை. ஊராரிடம் உள்ளதைச் சொன்னேன்; அவர்கள் ஒப்பினார்கள்."

"இப்போது?"

"இப்போது நம்புகிறேன். ஆனாலும் மூன்று ஆண்டு கழித்துத் தாங்கள் மாறியிருந்தால், மறுபடியும் பொற்காரியின் பெயரைத்தான் எழுதுவேன்."

நக்கன் விழுப்பரையர் எட்டு ஆண்டுப் போரின் களைப்பெல்லாம் உடம்பை விட்டு இறங்குவதை உணர்ந்தார். "அப்படியானால் நாட்டைப் பற்றி இனி எனக்குக் கவலை இல்லை," என்றார். "என்னை மணந்துகொள்வாயா, ஆதித்தி?"

முப்பதூர் நாட்டின் மரியாதைப்படி அவள் மூன்று முறை மறுத்திருக்க வேண்டும். ஆதித்தி ஒரு முறைகூட மறுக்கவில்லை.