அவள் சொல்ல அவன் அடித்த கடிதம்

கொழும்பின் காலி வீதியே கண்ணுக்குத் தெரியாத மழை. வெள்ளவத்தையில் இருந்த அந்த இன்டர்நெட் கடைக்குள் ஓடி வந்தவள், லேஸ் பார்சலை மட்டும் நனையவிடாமல் நெஞ்சோடு அணைத்திருந்தாள். கூந்தல் நுனியில் நீர் சொட்டியது. அந்தக் கண்கள்... மழையில் நனைந்தவையா, அழுது ஓய்ந்தவையா? கடை மேசைக்குப் பின்னால் இருந்தவனுக்குத் தெரியவில்லை. பார்வையைத் திருப்பவும் முடியவில்லை.

"தமிழில ஒரு கடிதம் அனுப்போணும். எனக்குத் தமிழ் அடிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அடிப்பீங்களோ?"

"அடிக்கிறேங்க. யாருக்கு?"

"வழிகாட்டி எண்டு ஒருத்தர். சொந்தத் தொழில் தொடங்கிற ஆக்களுக்கு இன்டர்நெட்டில புத்தி சொல்றவர்."

அவன் விரல்கள் அப்படியே நின்றன. அந்த வழிகாட்டி அவன்தான்.

சொந்தப் பெயர் சுடலைமுத்து. ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்து ஆறு வருடங்கள். காலையில் கடை திறப்பதற்கு முன், இரண்டு வருடங்களாக வழிகாட்டி என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தான். தொழிலை எப்படிப் பதிவு செய்வது, பத்திரிகை விளம்பரத்தை எப்படிச் சுருக்குவது, வானொலியில் இரண்டு நிமிடம் கிடைத்தால் எதைச் சொல்வது... ஆயிரக்கணக்கானோர் வாசித்தார்கள். சொந்தப் பெயரை மட்டும் போடவில்லை. இந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களை அவன் மறக்கவில்லை. அதோடு அது 2007, போர்க்காலம். தமிழ் இளைஞன் ஒருவன் கண்ணில் படாமல் இருப்பதே நல்லது என்றிருந்த காலம்.

"ஐயா எண்டு மரியாதையாத் தொடங்குங்கோ. பிறகு மரியாதை இருக்காது" என்றாள் அவள்.

அவன் அடித்தான். அவள் பெயர் பிறிஜெற். கொட்டாஞ்சேனையில் அம்மாவோடு இருந்து, தேவாலயத்தில் முதல் நன்மை எடுக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புத் தைப்பவள். பெயரை ஒளிப்பவன் தொழிலில் நிலைக்க மாட்டான் என்று வழிகாட்டி எழுதியதை நம்பி, அவனுடைய இலவச விளம்பரப் பக்கத்தில் பெயர், வீட்டு இலக்கம், தொலைபேசி எல்லாவற்றையும் கொடுத்திருந்தாள். ரொறன்ரோவிலிருந்து உடுப்புத் தைக்கச் சொல்லி ஓர் ஓடர் வந்தது. பாரிஸிலிருந்து இன்னொன்று. அடுத்து தொலைபேசியில் வந்தது, மிரட்டும் ஓர் ஆண் குரல். அவள் அம்மா எத்தனை மணிப் பூசைக்குப் போகிறாள், எந்த ஒழுங்கையால் திரும்புகிறாள் என்று அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அம்மா பூசைக்கும் போவதில்லை.

"கடைசியா இதைப் போடுங்கோ... என்ர பேரை ஊருக்கே தெரியும். உங்கட பேர் எனக்கு இண்டைக்கும் தெரியாது."

அவன் ஒரு பிழையும் விடாமல் அடித்து முடித்தான். தன் முகவரிக்கே அதை அனுப்பியும் வைத்தான்.

பதில் வந்ததா என்று பார்க்க இரண்டு நாள் கழித்து வந்தாள். பிறகும் வந்தாள். பதில் இல்லை. ஆனாலும் உடனே எழும்பிப் போகவில்லை. அம்மாவைப் பற்றி, வெண்துணியில் கறை படாமல் தைக்கும் சிரமத்தைப் பற்றிக் கதைத்தாள். அவள் சிரிக்கும்போது முதலில் கண்கள்தான் சிரித்தன... அவள் வராத நாட்களில் அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காம் முறை வந்தபோது, கடிதத்தில் கொஞ்சம் கூடத்தான் ஏசிவிட்டேனோ என்று அவளாகவே சொன்னாள்.

"பொம்பிளை தன்ர உழைப்புக்கும் விலை போடோணும் எண்டு எனக்கு முதல்ல சொன்னது அந்த மனுசன்தான்."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அது நான்தாங்க."

"முழுக் கடிதத்தையும் அடிச்சிட்டு... வாய் திறக்காம இருந்தனீங்கள்" என்றாள். குரல் உயரவில்லை. எழுந்து போய்விட்டாள். மறு வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

அவன் விளம்பரப் பக்கத்திலிருந்த முகவரிகள் அத்தனையையும் அழித்தான். விளம்பரம் கொடுத்திருந்த முப்பத்தொரு பெண்களையும் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னான். பிறகு எழுத உட்கார்ந்தான். தான் சொன்ன புத்தி இந்த ஊருக்கு, இந்தக் காலத்துக்குப் பிழை என்றும், பயமில்லாதவர்களின் நாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டுப் பயத்தோடு வாழ்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லிவிட்டதாகவும் எழுதினான். தெரிந்த ஒருவர் மூலம் விற்பது எப்படி, வீட்டு இலக்கம் கொடுக்காமல் ஓடர் எடுப்பது எப்படி என்றும் எழுதினான். கீழே தன் படத்தையும் போட்டு, சுடலைமுத்து என்று எழுதினான்.

கடை முதலாளி நவரத்தினம் நல்லவர், ஆனால் பயந்தவர். படம் வெளிவந்த மூன்றாம் நாள், கடைக்கு வராமல் இருந்தால் உதவியாக இருக்கும் என்று தலையைக் குனிந்தபடி சொன்னார்.

அன்று பின்னேரமே அவன் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினான். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். அவளுடைய ஒழுங்கையை அடைந்தபோது மழை தூறியது. கதவைத் திறந்தது அவள்தான். உள்ளே அம்மா தையல் மெஷின் ஓட்டும் சத்தம்.

தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிட்டதாகவும், இப்போது அழைப்பு வருவதில்லை என்றும் அவள் சொன்னாள். அவன் எழுதியதை வாசித்தாளா என்று அவன் கேட்கவில்லை.

"படத்தை ஏன் போட்டனீங்கள்? உங்களுக்கு ஏதும் நடந்திருந்தா?" அவள் கண்கள் கலங்கியிருந்தன. "ஒவ்வொரு நாளும் அதைத் திறந்து பாக்கிறன்... இண்டைக்கு ஏதாவது எழுதியிருக்கிறாரா, ஆள் இருக்கிறாரா எண்டு."

வேலை இல்லை, தோட்டத்துப் பிள்ளை, வேறு சமயம்... வரும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்த தடைகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக அவளிடம் சொன்னான். பிறகு சொன்னான்.

"எல்லாம் தெரிஞ்சும் வந்திருக்கேன். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

உள்ளே தையல் மெஷின் நின்றது.

பிறிஜெற் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய நனைந்த சட்டைக் கையை மெல்லப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அம்மா, கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்?" என்றாள், சற்று உரக்க. "எனக்கும் பிடிச்சிருக்கு."